டர்போ மீது பழி, ஆயிலுக்கு விடுதலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டீசல் கார் வாங்குவோருக்கு யோசனை சொல்லித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நானாகத் தேடிப் படிக்கவில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் ஆளாளுக்கு அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் நீட்டி, இதில் போட்டிருப்பது நிஜமா என்று கேட்டுப் படிக்க வைத்துவிட்டார்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய டர்போ டீசல் காரைத் தொடவே தொடாதீர்கள், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் அந்த டர்போ எந்த நேரமும் போகும், போனால் பெரும் செலவு என்பது அதன் சாரம். டர்போ போகிறது என்பது உண்மைதான். ஏன் போகிறது என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. இருந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

கட்டுரை பொதுவாக டீசல் கார் என்று பேசினாலும், அதன் அட்டவணையில் உள்ள பெரும்பாலான கார்களின் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரே இன்ஜின்தான்: ஃபியட் நிறுவனத்தின் 1.3 லிட்டர் மல்டிஜெட். மாருதி அதற்கு டிடிஐஎஸ் என்று பெயர் ஒட்டியது, டாடா குவாட்ராஜெட் என்றது, செவ்ரோலே ஸ்மார்ட்டெக் என்றது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, இண்டிகா விஸ்டா, மான்சா, செஸ்ட், புன்டோ, லீனியா, செயில், என்ஜாய் எல்லாவற்றுக்கும் இதயம் ஒன்று. 2003-ல் ஐரோப்பாவில் அறிமுகமானது; போலந்தில் உள்ள ஆலையில் தயாரித்தார்கள். 2007-ல் ஸ்விஃப்ட் டீசல் வந்த பிறகுதான் நம் ஊர்ப் பட்டறைகளுக்கு அது நன்றாக அறிமுகமானது. புனே அருகே ரஞ்சன்காவிலும் ஹரியானாவின் மானேசரிலும் இங்கேயே தயாரித்தார்கள். கார் விவரம் தெரிந்தவர்கள் இதைத் 'தேசிய இன்ஜின்' என்று பாதி பெருமையாகவும் பாதி கேலியாகவும் சொல்வதுண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திக்கொண்டது. எனவே இன்று பழைய கார் சந்தையில் சிறிய டீசல் கார் வாங்கப் போகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, பெரும்பாலும் இந்த இன்ஜினைத்தான் வாங்கப் போகிறார். அதனால் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் அட்டவணை. எல்லாக் கார்களுக்கும் 90 குதிரைத்திறன் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது தவறு. இந்த இன்ஜின் இந்தியாவில் முக்கியமாக இரண்டு வடிவங்களில் வந்தது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் ஆகியவற்றில் வந்தது 75 குதிரைத்திறன்; நிமிடத்துக்கு 4,000 சுற்றில் அந்தத் திறனையும் 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் இழுவையையும் தரும். எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, எஸ்எக்ஸ்4 ஆகியவற்றில் வந்தது 90 குதிரைத்திறன். 1,750 சுற்றில் 200 நியூட்டன் மீட்டர். செஸ்ட் காரில் மாடலைப் பொறுத்து இரண்டும் உண்டு, அதனால் காரின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

இதைப் போய்ப் பெரிதாகப் பேச வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும், ஏனென்றால் வித்தியாசம் டர்போவில்தான் இருக்கிறது. 75 குதிரைத்திறன் இன்ஜினில் உள்ளது நிலையான டர்போ. காற்றழுத்தம் அளவை மீறினால் ஒரு சிறிய கதவு திறந்து எக்ஸாஸ்ட் வாயுவை வேறு வழியில் விட்டுவிடும், அவ்வளவுதான். 90 குதிரைத்திறன் இன்ஜினில் டர்பைனைச் சுற்றி நகரும் இதழ்கள் உண்டு. சுற்று குறைவாக இருக்கும்போது இதழ்கள் குறுகி வாயுவை வேகமாகப் பாய்ச்சும், கூடும்போது விரியும். ஓட்ட இனிமையானது இரண்டாவது. கரி படிந்து இதழ்கள் ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் அதற்குத்தான். இதழ்கள் சிக்கினால் கார் திடீரென்று வலுவிழந்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, மெதுவாக மட்டும் நகரும். அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஸ்விஃப்ட் வைத்திருப்பவரிடம் போய் இதழ் ஒட்டியிருக்கிறது என்று எவராவது பில் போட்டால், அது இல்லாத பொருளுக்குப் போட்ட பில். அட்டவணையில் 75-க்கும் 90-க்கும் வேறுபாடு தெரிந்திருந்தால் வாசகர் அந்த இடத்திலேயே கேள்வி கேட்டிருப்பார்.

மற்ற எண்களும் அறிந்துகொள்ளத் தக்கவை. சிலிண்டர் விட்டம் 69.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டருக்குக் கணக்குப் போட்டால் 1,248 சிசி. அதில் ஒரு சிலிண்டரைக் கழித்துவிட்டால் 936 சிசி. செவ்ரோலே பீட் டீசலில் வந்தது அதுவேதான், மூன்று சிலிண்டருடன். விட்டத்தைவிட பிஸ்டன் ஓடும் தூரம் நீளம் என்பதால் இது குறைந்த சுற்றில் இழுக்கப் பிறந்த இன்ஜின், விரட்டப் பிறந்தது அல்ல. வார்ப்பிரும்புப் பிளாக், அலுமினிய ஹெட், பதினாறு வால்வு, வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங்குக்கு பெல்ட் இல்லை, செயின். எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைப் பிரித்துக் கொடுக்கும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் டீசல் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். இந்தக் காமன் ரெயில் தொழில்நுட்பத்தை வளர்த்தெடுத்ததிலும் ஃபியட் ஆய்வுக்கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் அது சாலைக்கு வந்தது. அதற்குள் தயாரிப்பு உரிமை பாஷ் நிறுவனத்துக்குப் போய்விட்டது. சொந்தப் பிள்ளையைத் தத்துக் கொடுத்த கதை. போகட்டும்.

இந்த எண்கள் எல்லாவற்றையும் விட ஒரு எண்ணைத்தான் கட்டுரையாளர் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும். இந்த இன்ஜினின் சம்ப்பில், அதாவது அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், இருக்கும் ஆயில் ஏறக்குறைய மூன்று லிட்டர். மூன்றே மூன்று. அந்த மூன்று லிட்டர்தான் கிராங்கைக் காக்கிறது, பிஸ்டனைக் குளிர்விக்கிறது, செயினை இழுத்துப் பிடிக்கிறது, டர்போவையும் உயிரோடு வைத்திருக்கிறது. அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பெரிய வண்டிகளில் ஒரு லிட்டர் குறைவதும் இதில் ஒரு லிட்டர் குறைவதும் ஒன்றல்ல.

டர்போவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சக்கரங்கள் இரண்டு, நடுவில் ஒரு தண்டு. ஒரு பக்கச் சக்கரத்தை எக்ஸாஸ்ட் வாயு தள்ளுகிறது. அங்கே வெப்பம் 700 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். மறுபக்கச் சக்கரம் காற்றை உறிஞ்சி இன்ஜினுக்குள் திணிக்கிறது. தண்டு நிமிடத்துக்கு 2,00,000 சுற்று அளவில் சுழலும், அதாவது நொடிக்கு மூவாயிரம் தடவைக்கு மேல். இந்த வேகத்தில் இரும்பும் இரும்பும் உரசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உரசுவதில்லை. தண்டுக்கும் அதைத் தாங்கும் புஷ்ஷுக்கும் நடுவே அழுத்தத்துடன் வரும் ஆயில் படலத்தின் மேல் அது மிதக்கிறது. அந்தப் படலம் இரண்டு நொடி அறுந்தால் போதும், புஷ் தேய ஆரம்பித்துவிடும். தேய்ந்தபின் தண்டு ஆடும், சக்கரத்தின் இறக்கை டர்போ கூட்டின் சுவரில் உரசும், சீல் விடும், ஆயில் இன்ஜினுக்குள் போய் எரியும், பின்னால் நீலப் புகை வரும். வாடிக்கையாளர் பார்ப்பது கடைசிக் காட்சியான நீலப் புகையை மட்டும். கட்டுரையாளர் பார்த்ததும் அதை மட்டுமே.

படலம் எப்படி அறுகிறது? ஆயில் குறைந்தால். ஆயில் கெட்டுக் கஞ்சியாகி சம்ப் வலையை அடைத்தால். டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயில் கரி கட்டினால். மூன்றாவதுதான் எங்கள் பகுதியில் நான் அதிகம் பார்ப்பது, அதற்குக் காரணமும் எங்கள் பகுதியில்தான் இருக்கிறது. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் சாலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஆள் நிறைய, மேலே கேரியரில் மூட்டை, ஏசி ஓட, இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறுவார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் தேநீர்க் கடை கண்ணில் படும். நிறுத்துவார்கள், அடுத்த நொடி சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார்கள். இன்ஜின் நின்றால் ஆயில் பம்ப்பும் நிற்கும். கொதிக்கிற டர்போவுக்குள் தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் வெந்து, கரியாகிக் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் இப்படிச் செய்தால் குழாயின் துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடும். நிறுத்தியபின் ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு நிமிடம், இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு அணைத்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஊருக்குள் மெதுவாக ஓட்டி வீடு வந்து சேருகிறவர்களுக்கு இது தேவையும் இல்லை. வாசலில் கார் ஐந்து நிமிடம் உறுமிக்கொண்டு நிற்பதில் எந்தப் பயனும் கிடையாது. அது இன்னொரு மூடநம்பிக்கை.

சத்தியமங்கலத்து வாடகைக் கார் உரிமையாளர் ஒருவர் டிசையருடன் வந்தார். வேறோர் ஊர்ப் பட்டறையில் புது டர்போ போட்டு, சில மாதங்களில் அதுவும் போய்விட்டது. போலி உதிரிபாகத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவர் கொதித்துக்கொண்டிருந்தார். பாகம் அசல்தான். பழைய ஆயில் குழாயை அப்படியே மாட்டியிருந்தார்கள். உள்ளே காற்றுப் போகவே தடுமாறியது. சம்ப்பைக் கழற்றினால் வலை முழுக்கக் கறுப்பு மண்டி. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கவிழ்த்தபோது முதல் டர்போவின் உடைந்த இறக்கைத் துணுக்குகள் ஆயிலோடு சேர்ந்து கொட்டின. அந்த நிலையில் இன்னும் பத்து டர்போ மாற்றினாலும் பத்தும் போகும். புது டர்போ மாட்டுவதென்றால் குழாய் புதிது, ஆயிலும் ஃபில்டரும் புதிது, சம்ப் சுத்தம், இன்டர்கூலர் சுத்தம், ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவுக்குள் கையால் ஆயில் ஊற்றி நனைத்தல், இத்தனையும் சேர்ந்ததுதான் வேலை. டர்போ விலையோடு ஒப்பிட்டால் குழாய் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் பில்லில் குழாய் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பட்டறையையும் மற்றதையும் பிரித்துக் காட்ட அந்த ஒரு சொல் போதும்.

என் தொழிலில் இருப்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். டர்போ நன்றாக இருக்கும்போதே போய்விட்டது என்று நம்ப வைக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, காற்றுக் குழாயைக் கழற்றித் தண்டின் முனையை விரலால் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டுவது. கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆயில் படலத்துக்காக விட்ட இடைவெளி அது. இன்ஜின் ஓடாதபோது படலம் இல்லை, அதனால் ஆடுகிறது. கவலைப்பட வேண்டியது தண்டு முன்னும் பின்னும் நகர்ந்தால், அல்லது இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தால். இரண்டாவது வழி, இன்டர்கூலர் குழாயில் விரலை விட்டு ஆயில் பிசுக்கைக் காட்டுவது. இன்ஜின் உள்ளிருந்து வரும் ஆவி அந்த வழியாகத்தான் போகிறது, மெல்லிய பிசுக்கு இருப்பது இயல்பு. குழாயில் ஆயில் குளமாகத் தேங்கி நின்றால்தான் பேச்சு வேறு.

இன்னொரு கூத்தும் நடக்கும். கார் இழுக்கவில்லை, கறும்புகை, ஆக்சிலேட்டரை மிதித்தால் 'உஸ்' என்ற சத்தம். டர்போ போயிற்று என்று ஊரே தீர்ப்பு எழுதிவிடும். பார்த்தால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர்க் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு, அல்லது கிளாம்ப் தளர்வு. காற்று வழியிலேயே ஓடிவிடுகிறது, டீசல் மட்டும் உள்ளே போகிறது, கறுக்கிறது. புகையின் நிறத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்: கறுப்பென்றால் காற்றுப் பற்றாக்குறை அல்லது மிகை டீசல், நீலமென்றால் ஆயில் எரிகிறது, வெள்ளையென்றால் எரியாத டீசல் அல்லது தண்ணீர். ஏர் ஃபில்டரையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரம் சரியாக உட்காராத மலிவு ஃபில்டர் போட்டால் மண் நேராக அந்த 2,00,000 சுற்று இறக்கையில் மோதும். ஆயில் குற்றமில்லாமல் டர்போ சாகிற வழிகளில் அது முக்கியமானது.

ஆயிலோடு சம்பந்தமில்லாதது போலத் தோன்றுகிற தொல்லைகளும் கடைசியில் அங்கேயே வந்து நிற்கின்றன. செயினைப் பாருங்கள். பெல்ட் என்றால் மாற்ற வேண்டும், செயின் என்றால் ஆயுள் முழுக்க வரும் என்று கட்டுரை சொல்கிறது. யாருடைய ஆயுள் என்று சொல்லவில்லை. இந்தச் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. அழுத்தம் குறைந்தால் செயின் தளரும். கெட்ட ஆயிலில் மிதக்கும் கரித்துகள் செயின் கண்ணிகளை அரத்தைப் போட்டு ராவுவது மாதிரி தேய்க்கும், செயின் நீளும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்து சில நொடிகளில் அடங்கினால் செயின் பேசுகிறது என்று அர்த்தம். அடங்குகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் சந்தித்துக்கொள்ளும், வால்வைத் தள்ளும் ராக்கர்கள் முறியும். ஹெட்டைத் திறந்து செய்கிற வேலையின் செலவைக் கேட்டபின் காரை அப்படியே விற்றுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஈஜிஆர் வால்வு அடைப்பைப் பற்றிக் கட்டுரை சொன்னது சரிதான். எரிந்த வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டு நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கிற ஏற்பாடு அது. எரிந்த கரியும் ஆயில் ஆவியும் கலந்து உட்புற வழியெங்கும் தார் மாதிரி படியும். ஆனால் ஏன் சிலருக்கு மட்டும் சீக்கிரம் படிகிறது? எரிபொருளை மிச்சம் பிடிக்கிறேன் என்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரில் இழுப்பவர்களுக்குத்தான். அவ்வளவு குறைந்த சுற்றில் டர்போ விழிக்கவே இல்லை. காற்றில்லாத இன்ஜினில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் கரிதான் மிச்சம். கரி ஆயிலில் கலக்கும், ஆயில் கெட்டியாகும், மேலே சொன்ன கதை மறுபடி ஆரம்பமாகும். கியரைக் குறைத்து 2,000 சுற்றில் வைத்து ஓட்டினால் டீசலும் பெரிதாகக் கூடாது, இன்ஜினும் மூச்சு விடும். ஈஜிஆர் வழியைத் தகடு வைத்து அடைத்துவிடச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். சுத்தம் செய்து தருவேன், அடைத்துத் தர மாட்டேன். அந்தப் புகையை ஊர் சுவாசிக்க வேண்டியிருக்கிறது. 75 குதிரைத்திறனை மென்பொருளில் நூறாக்கித் தருகிறேன் என்று சொல்கிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். கூடுதல் டீசலையும் காற்றையும் அவர் ஏற்றிவிட்டுப் போவார், டர்போவும் கிளட்ச்சும் உங்களுடையவை.

டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டர் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. டீசல் ஃபில்டரைக் காலத்தில் மாற்றி, அதில் தேங்கும் தண்ணீரை வடித்துவிட்டு, பங்க்கில் மட்டும் டீசல் போடுங்கள். வயலில் டிராக்டருக்கு வைத்திருக்கும் டிரம்மிலிருந்து ஊற்றாதீர்கள். 1,000 பாருக்கு மேல் அழுத்தி நுண்துளை வழியாகப் பீச்சுகிற பாகத்துக்குத் துரும்பும் தண்ணீரும் ஆகாது. இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்தால் 'சுக் சுக்' என்ற சத்தத்தோடு சுற்றிலும் கறுப்புக் கட்டி தட்டும். மலிவான வாஷர், கழற்றத்தான் பெரும்பாடு. தாமதித்தால் இன்ஜெக்டர் ஹெட்டோடு ஒன்றிப்போகும்.

கட்டுரையில் என்னை உண்மையிலேயே எரிச்சலூட்டியது, எக்ஸாஸ்ட் புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் பற்றிய பத்தி. வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டி டிபிஎஃப் வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க வேண்டும் என்கிறது. நான் இங்கே கழற்றிப் பார்க்கிற, பிஎஸ்-6க்கு முந்தைய பிஎஸ்-4 காலத்து 1.3 கார்களில் அந்த வடிகட்டியே இல்லை. ஐரோப்பாவில் இதே இன்ஜினோடு ஓடிய கார்கள் பலவற்றில் உண்டு. வெளிநாட்டுக் குறிப்பை எடுத்து நம் காருக்கு ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இல்லாத வடிகட்டிக்காக என் வாடிக்கையாளர், வயதான ஆசிரியர், பெருந்துறைச் சாலையில் அதிகாலையில் நூறில் ஓட்டத் தொடங்கியிருக்கிறார். அந்த அறிவுரை பிஎஸ்-6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: கரியை எரிப்பது பாதியில் நின்று நின்று போனால் எரியாத டீசல் வழிந்து சம்ப்பில் இறங்கும், டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறும். மட்டம் குறைந்தால் பதறுகிறவர்கள் ஏறினால் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஏறுவதும் ஆபத்துதான், ஏனென்றால் நீர்த்துப்போன ஆயிலில் அந்தப் படலம் நிற்காது.

பத்து வருடம் ஆன டீசல் காரை ஓட்டக் கூடாது என்று பெட்டிச் செய்தியில் போட்டிருப்பதும் பாதி உண்மை. அந்தப் பத்தாண்டுக் கட்டுப்பாடு டெல்லியும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரமும் சார்ந்தது. தமிழ்நாட்டில் பதினைந்து ஆண்டு முடிந்ததும் தகுதிச் சோதனைக்கு உட்படுத்திப் பதிவைப் புதுப்பித்துக்கொள்கிறோம். அந்தக் கட்டுப்பாட்டினாலேயே டெல்லிக் கார்கள் மலிவாக இங்கே வந்து இறங்குகின்றன. வாங்குவதில் தவறில்லை, ஆனால் அதன் ஓடோமீட்டர் சொல்லும் எண்ணை யாரும் நம்ப வேண்டாம். ஒரு லட்சம் ஓடியதா இரண்டு லட்சம் ஓடியதா என்பதைவிட, அந்தக் காரின் ஆயில் எப்போதெல்லாம் மாறியது என்பதற்குச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்காக ஆயில் மாற்றி இரண்டு லட்சத்தைத் தாண்டியும் முதல் டர்போவோடு ஓடுகிற விஸ்டா எங்கள் ஊரில் இருக்கிறது. ஐம்பதாயிரத்தில் டர்போவைத் தின்ற ஸ்விஃப்டும் இருக்கிறது.

பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் முதல் ஸ்டார்ட்டைக் காதால் கேளுங்கள், செயின் சத்தம் அங்கேதான் தெரியும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு, அதைப் பார்த்து மிரள வேண்டாம். மட்டம் எங்கே நிற்கிறது, விரலில் தேய்த்தால் கட்டியாக நெருடுகிறதா என்பதே முக்கியம். ஆயில் மூடியைத் திறந்து உட்புறத்தில் கஞ்சி மாதிரி படிவு இருக்கிறதா பாருங்கள். பிறகு ஏற்றமான சாலையில் மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து முழுதாக மிதியுங்கள். 2,000 சுற்றை நெருங்கும்போது முதுகை இருக்கையில் அழுத்தும் ஒரு தள்ளல் வர வேண்டும். வரவில்லையென்றால் காரணம் தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு செய்தி, அபூர்வமானது, ஆனால் ஆளைக் கொல்லக் கூடியது. டர்போ சீல் முழுதாக விட்டுப்போனால் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்துத் தானாக வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். சாலை தெரியாத அளவுக்குப் புகை, அலறல். கையால் கியர் மாற்றும் காரென்றால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு உயர்ந்த கியரில் போட்டு கிளட்ச்சை விட்டால் இன்ஜின் திணறி நிற்கும். முடியவில்லையென்றால் எல்லாரையும் இறக்கிவிட்டு விலகிப் போய்விடுங்கள். பானெட்டைத் திறந்து காற்றுக் குழாயைக் கையால் பொத்தப் போகாதீர்கள். ஆயில் தீர்ந்தால் இன்ஜின் தானே நின்றுவிடும். கார் போகட்டும்.

ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர் என்று கையேடு சொல்கிறதே என்பார்கள். கையேட்டை நான் மறுக்கவில்லை. ஊருக்குள் நின்று நின்று ஓடுவதையும் மலை ஏறுவதையும் கடும் உபயோகம் என்று தனியாகக் குறித்து, அதற்கு முன்னதாகவே மாற்றச் சொல்வதும் கையேடுகளில் வழக்கம்தான். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. எங்கள் பக்கத்துக் கார்களுக்கு 7,500-லேயே மாற்றச் சொல்கிறேன், தரம் கையேட்டில் உள்ளதுதான். நடுவில் மாதம் ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி மட்டம் பார்க்க வேண்டும். இதற்குப் பட்டறைக்கு வர வேண்டியதில்லை, ஒரு பழைய துணி போதும்.

தாங்கள் செய்ய வேண்டியது மூன்று. அட்டவணையில் 75, 90 இரண்டையும் காருக்குக் கார் பிரித்துத் திருத்தி வெளியிடுங்கள். டிபிஎஃப் பத்தி எந்தக் கார்களுக்கு என்று தெளிவுபடுத்துங்கள்; என் வாடிக்கையாளரான அந்த ஆசிரியர் திருத்தத்தை அச்சில் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறார். பத்தாண்டு விதி தமிழ்நாட்டுக்கு அல்ல என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கடிதம் நீளம் என்று வெட்டுவதானால் ஃபியட் வரலாற்றை வெட்டிக்கொள்ளுங்கள், ஆயில் குழாயை வெட்ட வேண்டாம். என் பெயரையும் பட்டறைப் பெயரையும் போட வேண்டாம், விளம்பரம் தேடுகிறான் என்பார்கள்.

இப்படிக்கு,
டீசல் கார் மெக்கானிக்,
கோபிசெட்டிபாளையம்.